முதியோரும் மின்னணு மருத்துவமும்

தமிழ்நாட்டில் அறுபது அகவையைக் கடந்தோர் தொகை பெருகி வருகின்றது. 2011 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்திய நாட்டு மக்களுள் நூற்றுக்கு 8.6 பேர் அறுபதும் அதற்கு மேலும் ஆன அகவையினர். தமிழ்நாட்டில் அவ்விகிதம் 10.4 ஆக இருந்தது. 2021 ஆம் ஆண்டிற்கென மதிப்பிட்ட அறிஞர்கள் தமிழ்நாட்டிற்கு 13.6 என்று கணித்தனர். பிள்ளைகள் குறைவாகப் பிறத்தலும், பிறந்தோர் நெடுநாள் வாழ்தலும் இதற்குக் காரணங்களாம். நெடுநாள் வாழ்தல் நற்பேறே. ஆயினும், நீண்ட வாழ்நாளுடன் நீண்ட நோய்களும் உடன் வருகின்றன. மிகைக் குருதியழுத்தம், நீரிழிவு முதலியன இன்று வந்து நாளை நீங்குவன அல்ல, ஆண்டுக்கணக்கில் உடனுறைவன. அவற்றை அடியோடு களைதல் அரிது. அளந்து அளந்து அடக்கி வைத்தலே இக்கால மருத்துவம் செய்யக்கூடியது.

அளக்கும் தொழில் முன்னாளில் மருத்துவமனைக்கே உரியதாய் இருந்தது. இன்று அது வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது. குருதியழுத்தம் காட்டும் கருவி, சர்க்கரையின் அளவு காட்டும் கருவி, விரல் நுனியில் மாட்டிக் குருதியிலுள்ள உயிர்வளியின் அளவை அறியும் கருவி ஆகியவை மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. மருத்துவரைக் கைப்பேசித் திரையிற் கண்டு பேசுதலும் இயல்கின்றது. இந்திய அரசின் ஈசஞ்சீவனி என்னும் தொலைமருத்துவப் பணி 2019 ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கப்பெற்றது. பெருந்தொற்றுப் பரவிய 2020 ஆம் ஆண்டு ஏப்ரலில் வீட்டிலிருப்போரும் மருத்துவரை நேரே அழைக்குமாறு அது விரிவாக்கப்பட்டது. 2021 ஆம் ஆண்டு செப்டம்பரில், விரும்பும் ஒவ்வொருவர்க்கும் 14 இலக்கங்கொண்ட நலவாழ்வு எண் வழங்கும் திட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. இவையெல்லாம் யார்க்கு மிகுதியும் வேண்டுவன எனின், முதியோர்க்கே. யார் கையில் எளிதாக இயங்குகின்றன எனின், இளையோர் கையில்! வேண்டியவர் ஒருவர், வல்லவர் வேறொருவர் என்னும் இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது, அதற்குச் செய்யத்தக்கது யாது என்பன ஆராயத்தக்கன.

குருதியழுத்தமானியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். கையிற் சுற்றிய பட்டையின் காற்றைச் சிறிது சிறிதாக இறக்குங்கால், இரத்தக் குழாயில் எழும் ஒலிகளைச் செவிக்குழலாற் கேட்டு அழுத்தத்தை அறியும் முறையை உருசிய நாட்டு மருத்துவர் கொரோட்கோவ் 1905 ஆம் ஆண்டில் கண்டுரைத்தார். அம்முறைக்குப் பழகிய செவி வேண்டும். இக்கால மின்னணுக் கருவியோ, பட்டையில் உண்டாகும் நாடித்துடிப்பின் அதிர்வைத் தானே உணர்ந்து இரண்டு எண்களைக் காட்டிவிடுகின்றது. செவி மந்தமான முதியவரும் பொத்தானொன்றை அழுத்தித் தம் அழுத்தத்தைத் தாமே அறியலாம். இது சிறிய நன்மை அன்று. மருத்துவரைக் கண்ட அளவிலேயே மனங்கலங்கி அழுத்தம் ஏறிவிடுவோர் பலர் உளர். அத்தகையோர்க்கு வீட்டில் அமைதியாக இருந்து எடுத்த அளவே உண்மைக்கு நெருங்கியதாகும். அதுபற்றியே, மருத்துவமனையில் 140/90 என்பதை மிகையழுத்தத்தின் எல்லையாகக் கொள்ளும் மருத்துவ நூலார், வீட்டில் எடுக்கும் அளவிற்கு 135/85 என எல்லையைச் சற்றுத் தாழ்த்திக் கொள்கின்றனர்.

ஆனால், பொத்தானை அழுத்துதல் வேறு, அளத்தல் வேறு. அளக்குமுன் ஐந்து நிமையம் வாளா அமர்ந்திருத்தல் வேண்டும். முதுகு சாய்மானத்தில் பொருந்தியிருக்க, கால்கள் தரையில் ஊன்றியிருக்க, கை நெஞ்சின் மட்டத்தில் மேசைமேல் தங்கியிருத்தல் வேண்டும். பட்டையைச் சட்டைக் கையின்மேற் சுற்றலாகாது. பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடிக் காட்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் கூடும். பேசிக்கொண்டிருந்தாலும் கூடும். நம் வீடுகளில் இந்த ஒன்றுதான் யார்க்கும் கைவருவதில்லை. பாட்டனார் கையிற் பட்டையைச் சுற்றிய பின்னரே வீட்டிலுள்ளோர்க்குக் குடும்பக் கணக்கெல்லாம் நினைவிற்கு வருகின்றது! ஒருமுறை எடுத்த எண்ணைக்கொண்டு முடிவு செய்யாமல், ஒரு நிமையம் விட்டு மறுமுறையும் எடுத்து, இரண்டனையும் நாளொடு குறித்துவைத்தல் முறை.

சர்க்கரை அளக்கும் கருவிக்கும் இத்தகைய நுட்பங்கள் உள. விரலைக் கழுவித் துடைத்த பின்னரே குத்துதல் வேண்டும். பழம் உரித்த கையோடு குத்தினால், கருவி பழத்தின் சர்க்கரையையும் சேர்த்தே கணக்கிடும். நாள் கடந்த சோதனைப் பட்டையும் பொய் சொல்லும். அன்றியும், நீரிழிவு உடையார்க்குச் சர்க்கரை மிகுதலே கேடு என்று பலர் எண்ணியிருக்கின்றனர். மருந்துண்ணும் முதியோர்க்கு அது குறைதலும் கொடியது. 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கின் வியர்வையும் நடுக்கமும் மனமயக்கமும் தோன்றும். முதியவர் அதனைக் களைப்பென்று கருதிப் படுத்துவிடுவர். கருவியிற் காணும் எண்ணின் பொருளை அவ்வெண்ணுக்கு உரியவரே அறிந்திருத்தல் எத்துணை இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

கருவி தானும் பிழையற்றது அன்று. விரல் நுனிக் கருவியின் நெறியை 1974 ஆம் ஆண்டளவில் சப்பானியப் பொறியறிஞர் தக்குவோ அவோயாகி கண்டறிந்தார். செவ்வொளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலினூடே செலுத்தி, குருதி அவற்றை உறிஞ்சும் அளவைக்கொண்டு உயிர்வளியின் நிலையை அக்கருவி கணிக்கின்றது. பெருந்தொற்றுக் காலத்தில் அது பல உயிர்களைக் காத்தது. ஆயினும், தோலின் நிறமும் அவ்வொளியை உறிஞ்சுமன்றோ? உயிர்வளி குன்றியிருந்தும் கருவி அதனைக் காட்டாது விட்ட நிகழ்ச்சிகள், வெள்ளையரிடத்தினும் கறுப்பரிடத்து ஏறத்தாழ மும்மடங்காக இருந்தன என்று அமெரிக்க நாட்டு மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 ஆம் ஆண்டு டிசம்பரில் எடுத்துக்காட்டினர். எண் நன்றாக இருக்கின்றது, ஆனால் மூச்சுத் திணறுகின்றது என்று ஒரு முதியவர் கூறுவாராயின், எண்ணை விடுத்து முதியவரை நம்புதலே அறிவுடைமை.

இனி, முதியோர்க்குப் புதிய கருவிகளைக் கற்கும் ஆற்றல் இல்லை என்று கூறுவார் உளர். இக்கூற்று ஆராயாது கூறும் கூற்றாகும். 1991 ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தறியாப் பெண்டிர் எழுத்துக் கற்றதோடு நில்லாமல் மிதிவண்டி ஊர்தலையும் கற்றனர். வயலிலும் கற்சுரங்கத்திலும் உழைத்த பெண்டிர், அதுகாறும் ஆடவர்க்கே உரியதென எண்ணப்பட்ட வண்டியில் ஏறித் தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் உடன் கொண்டு சென்றனர். அதற்குமுன் அவர் அதனை ஊராமல் இருந்தது ஆற்றல் இன்மையால் அன்று. கற்பிப்பார் இன்மையாலும் நகைப்பார் உண்மையாலுமே. அண்டை மாநிலமாகிய கேரளத்திலும் இதனைக் காணலாம். திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சியில் மாணவரும் தன்னார்வலரும் வீடுவீடாகவும், ஊரக வேலைத்திட்டத்தின் பணியிடந்தோறும் சென்று, முதியோர்க்குக் கைப்பேசியின் பயன்பாட்டைக் கற்பித்தனர். 2022 ஆம் ஆண்டில் அவ்வூராட்சி முழுமையும் மின்னணுக் கல்வி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அம்முயற்சி மாநிலம் முழுவதும் பரவி, 2025 ஆம் ஆண்டு ஆகஸ்டில் நிறைவுற்றது. கற்றவர்களுள் நூறு அகவையைக் கடந்த முதியவர் ஒருவரும் இருந்தார்.

ஆற்றல் முதியோரிடத்து இருக்கவும், அவர்கள் இடர்ப்படுவானேன்? கருவியையும் செயலியையும் அமைத்தோர் அவர்களை மனத்திற்கொண்டு அமைக்காமையே பெருங்காரணம். கண்புரை படர்ந்த விழிக்கு, வெண்மைமேல் இளஞ்சாம்பல் நிறத்தில் எழுதிய சிற்றெழுத்து எங்ஙனம் புலனாகும்? நடுங்கும் விரலுக்கு உளுந்தளவான பொத்தான் எங்ஙனம் அகப்படும்? நாற்பதாண்டு மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலின் இரேகையை, அடையாளங் காணும் பொறி அறிய மாட்டாமல் மீண்டும் மீண்டும் தள்ளுகின்றது. தமிழன்றிப் பிறிதறியாதவர்க்கு ஆங்கிலத்தில் வினா எழுகின்றது. அரை நிமையத்தில் விடை கூறாவிடின் திரை மறைந்து, தொடக்கத்திலிருந்து வருக என்கின்றது. இத்தனையும் செய்துவிட்டு, முதியவர்க்கு அறிவு போதாது என்று கூறுதல், கால் அளவு பாராது செருப்புத் தைத்துவிட்டுக் காலைக் குறைகூறுவது போல்வதாகும்.

கருவி கைக்கு இணங்குதல் வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெருஞ்சான்று உண்டு. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918 ஆம் ஆண்டு பிறந்த மருத்துவர் கோ. வெங்கடசாமி இளமையிலேயே கடுமையான மூட்டுவாத நோய்க்கு ஆளானார். நெடுநாள் படுக்கையிற் கிடந்து எழுந்தபோது அவர்தம் விரல்கள் கோணி முறுகிப்போயிருந்தன. அவ்விரல்களைக் கொண்டு எழுதுகோல் பிடித்தலே அரிதாயிருந்தது. அவரோ கண்ணில் அறுவை செய்யும் கலையைக் கற்கத் துணிந்தார். கோணிய விரலுக்கு இசையுமாறு கருவிகளை அமைத்துக்கொண்டு, பல்லாயிரம் கண்புரை அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியினின்றும் ஓய்வு பெற்றபின், 1976 ஆம் ஆண்டில், மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மற்றையோர் சாய்வு நாற்காலியை நாடும் அகவையில் அவர் தொடங்கிய அப்பணி, இன்று உலகின் மிகப் பெரிய கண் மருத்துவ நிலையங்களுள் ஒன்றாக விளங்குகின்றது. விரலை நிமிர்த்திக்கொண்டு வருக என்று அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால், எத்துணைக் கண்கள் இருண்டு போயிருக்கும்!

முதியவர் கற்றாலும், கருவி இணங்கினாலும், எல்லாரும் கருவி வழியாகவே வருதல் வேண்டும் என்று கட்டளையிடுதல் தகுமா என்பது வேறொரு வினா. அதற்கு 2021 ஆம் ஆண்டின் தடுப்பூசி வரலாறு விடை தருகின்றது. அவ்வாண்டு சனவரி 16 ஆம் நாள் இந்தியாவில் கொரோனாத் தடுப்பூசி போடும் பணி தொடங்கிற்று. மார்ச்சு முதல் நாளிலிருந்து அறுபது அகவை நிரம்பியோர்க்குப் போடப்பட்டது. பதிவு கோவின் என்னும் இணையத்தளத்தின் வாயிலாக நடைபெற்றது. எனினும், முதியோர் நேரே மையத்திற்குச் சென்று பதிவு செய்துகொள்ளவும் வழி இருந்தது. மே முதல் நாளில் 18 முதல் 44 வரை அகவையினர்க்குப் பணி விரிந்தபோது, அவர்கள் இணையவழிப் பதிவு செய்தே வருதல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. கைப்பேசி இல்லாதாரும் ஆங்கிலம் அறியாதாரும் இளையராயிருந்தும் வாயிலில் நின்றனர். தமிழ் முதலிய மொழிகள் அத்தளத்தில் இடம்பெற்றது சூன் மாதத்திலேதான். இணையத்தளத்தையே முற்றும் நம்பிய தடுப்பூசிக் கொள்கை, மின்னணு வசதியிலுள்ள ஏற்றத்தாழ்வால், அனைவர்க்கும் ஊசி என்னும் குறிக்கோளை எய்தாது என இந்திய உச்ச நீதிமன்றம் மே 31 ஆம் நாள் தன் ஆணையில் எடுத்துரைத்தது. அதற்குச் சில நாள் முன்னரே, அரசு மையங்களில் நேர்ப்பதிவிற்கு இசைவு அளிக்கப்பட்டது. முதியோர்க்கும் உடற்குறை உடையார்க்கும் வீட்டிற்கு அருகில் மையங்கள் அமைக்கவும் வழிகாட்டப்பட்டது. இணையத்தளம் தீயது என்பது இதனாற் பெறப்படவில்லை. கோடிக்கணக்கான ஊசிகளுக்குக் கணக்கு வைக்க அது பெரிதும் உதவிற்று. அதன் பக்கத்தில் மற்றொரு வாயிலும் திறந்திருத்தல் வேண்டும் என்பதே பெறப்படுவது.

இந்த இடத்தில் ஒரு மறுப்புரை எழுவதுண்டு. வீட்டில் மகனோ பேர்த்தியோ இருக்க, முதியவர்க்கு ஏன் இத்துன்பம்? கருவியை அவர்களே இயக்கிக் கொள்ளட்டுமே என்பர். கேட்பதற்கு இது அன்புரையாகவே தோன்றும். முதலாவதாக, வீட்டில் இளையோர் இல்லாத முதியோர் இற்றை நாளில் மிகப் பலர். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ கடல் கடந்த நாட்டிலோ வாழ, ஊரில் இருவர் தனித்திருப்பர்; இருவரில் ஒருவர் மறைந்தபின் ஒருவரே இருப்பர். அவர்க்கு இவ்வுரை பயன்படாது.

இளையோர் உள்ள வீட்டிலும் நடப்பது யாது? பாட்டியார் கையில் பட்டை சுற்றப்படுகின்றது. எண் பேரன் கைப்பேசிக்குச் செல்கின்றது. பேரன் அதனைத் தந்தைக்கு உரைக்கின்றான்; தந்தை மருத்துவர்க்கு உரைக்கின்றார்; மருத்துவர் மாத்திரையை மாற்றுகின்றார். மாத்திரை மட்டுமே பாட்டியாரிடம் திரும்பி வருகின்றது. தம் உடம்பைப் பற்றிய செய்தி வீட்டைச் சுற்றி வந்தும், தமக்குத் தெரியாமலே போயிற்று என்பதை அவர் உணர்கின்றார். கேட்டால், உனக்கு ஏன் இந்தக் கவலை என்பர். அறுபதாண்டு வீட்டின் கணக்கையெல்லாம் மனத்திலே வைத்திருந்தவர்க்கு இரண்டு எண்களை நினைவில் வைத்தல் இயலாதா? இதனை அன்பு என்று கூறுதலினும், அன்பின் பெயரால் நிகழும் உரிமையிழப்பு என்று கூறுதலே பொருந்தும்.

அன்றியும், பிறர்க்கு உரைக்க விரும்பாத நோய்கள் முதியவர்க்கும் உண்டு. மருத்துவரிடம் தனித்துக் கூற விரும்புவன உண்டு. ஓ.டி.பி. என்று மக்கள் வழங்கும் ஒருமுறைக் கடவெண் மகனது கைப்பேசிக்கே செல்லுமாயின், தாயார் மகனை அறியாமல் மருத்துவரைக் காணவே முடியாது. 2023 ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம், ஒருவரைப் பற்றிய மின்னணுச் செய்திகளை அவர்தம் இசைவோடு கையாளுதற்கென ஒரு சட்டம் இயற்றியது. இசைவு தருதல் வேண்டும் எனின், எதற்கு இசைகின்றோம் என்பதை அவர் அறிதல் வேண்டுமன்றோ? விரலைப் பிடித்துத் திரையில் அழுத்துவது இசைவு ஆகாது.

இவ்விடத்துத் திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் நினையத்தக்கது. நூலின் 95 ஆம் அதிகாரமாகிய அதன் இறுதிக் குறளில், மருத்துவம் நான்கு கூறுடையது என வகுத்தார் வள்ளுவர். நோயுற்றவர் ஒரு கூறு. நோய் தீர்க்கும் மருத்துவர் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. பக்கத்தில் நின்று அம்மருந்தைப் பிழையாமற் கொடுப்பவர் நான்காம் கூறு. உழை என்னுஞ் சொல்லுக்குப் பக்கம் என்பது பொருள். பக்கத்தில் நிற்பவரை அச்சொல்லாலேயே வள்ளுவர் குறித்தார். இக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், நோயுற்றவர்க்கு வேண்டிய இயல்புகளுள் தம் நோய்நிலையை மருத்துவர்க்கு உணர்த்தும் வன்மையையும் ஒன்றாக எண்ணினார். பக்கத்தில் நிற்பவர்க்கு வேண்டுவனவற்றுள் நோயாளரிடத்து அன்புடைமையை வைத்தார். மின்னணுக் கருவி இவற்றுள் எதனுள் அடங்கும்? அது மருந்தின்பாற் பட்ட துணைப்பொருள். அதனை மருத்துவராகக் கொள்ளுதலும் பிழை. பக்கத்தில் நிற்பவராகக் கொள்ளுதல் அதனினும் பெரும்பிழை. நோயுற்றவர் தம் நிலையைத் தாமே உணர்த்துதற்கு அது கருவியாயின் பயன்படும்; அவரை வாயடைக்கச் செய்யுமாயின் மருத்துவத்தின் ஒரு கூற்றையே அழித்ததாகும்.

நான்கு கூறும் ஒருங்கே அமைந்த இடங்கள் இல்லாமற் போகவில்லை. மேற்குறித்த அரவிந்த் மருத்துவமனையார், தேனியைச் சூழ்ந்த சிற்றூர்களில் 2004 ஆம் ஆண்டையடுத்துச் சிறு கண்மையங்களை நிறுவினர். அமெரிக்க நாட்டுப் பெர்க்கிலிப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நெடுந்தொலைவிற்குக் கம்பியில்லாத் தொடர்பு அமைத்துத் துணைபுரிந்தனர். மையத்திற்கு வரும் முதியவரின் கண்ணைப் பயிற்சி பெற்ற பெண்ணொருவர் சோதித்துப் படம் எடுக்கின்றார். அப்படம் மருத்துவமனைக்குச் செல்கின்றது. சிறிது நேரத்தில் மருத்துவர் திரையில் தோன்றி முதியவரிடமே பேசுகின்றார். கண்ணாடி போதுமா, அறுவை வேண்டுமா என்பது அங்கேயே தெளிவாகின்றது. ஒருநாட் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்து நகரத்திற்குச் செல்லவேண்டிய தேவை பலர்க்கு இல்லாது போகின்றது. நுட்பமான மின்னணுக் கருவிகள் அம்மையத்தில் உள. ஆனால் முதியவர் ஒரு பொத்தானையும் அழுத்தவேண்டுவதில்லை. கடவெண் எதனையும் நினைவில் வைக்கவேண்டுவதில்லை. இத்தகைய மையங்கள் இன்று நூற்றுக்கு மேற்பட்டன.

தமிழ்நாட்டு அரசு 2021 ஆம் ஆண்டு ஆகஸ்டு 5 ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டமும் இவ்வகையினது. பெண் தன்னார்வலர் வீடுதோறும் சென்று குருதியழுத்தமும் சர்க்கரையும் அளக்கின்றனர், மருந்து தருகின்றனர், நடக்கவியலாதார்க்கு இயன்முறை மருத்துவம் செய்வாரும் உடன் வருகின்றனர். எண்களைக் கைப்பேசியிற் பதிந்துகொள்ளுதல் அவர்தம் வேலை. எப்படி இருக்கின்றீர்கள் அம்மா என்று வினவுதலும், காலில் ஆறாத புண் ஒன்று இருத்தலைக் கண்டுகொள்ளுதலும் அவர்தம் வேலையே. இவற்றுள் இரண்டாவதைச் செய்யும் செயலி இன்னும் பிறக்கவில்லை.

ஒவ்வொரு முதியவர் பக்கத்திலும் ஓர் ஆளை நிறுத்தப் பணம் ஏது என்று கேட்பார் உளர். வினா நேர்மையானதே. செவிலியரும் தன்னார்வலரும் பெறும் ஊதியம் மிகுதியன்று. அவர் தொகையும் போதாது. ஆயினும், ஆளைக் குறைத்துக் கருவியை வைத்தால் செலவு மறைந்துவிடுகின்றது என்று எண்ணுதல் மயக்கம். அச்செலவு அரசின் ஏட்டிலிருந்து நீங்கி முதியவரின் தலையில் ஏறுகின்றது. பதிவு செய்ய மாட்டாமல் மருந்தை நிறுத்தியவர் பக்கவாதமுற்று மருத்துவமனைக்கு வரும்போது, செலவு பன்மடங்காகி அரசிடமே மீளுகின்றது. ஆதலின், கருவி மிகுந்த மருத்துவமனையிலும், பெயரைச் சொல்லிச் சீட்டுப் பெறும் ஒரு சாளரம் எஞ்ஞான்றும் மூடப்படாதிருத்தல் வேண்டும்.

முதியோர்பாலும் குறை இல்லாமல் இல்லை. நாளுக்குப் பத்துமுறை அழுத்தம் பார்த்து, பார்த்த அச்சத்தாலேயே அழுத்தத்தை ஏற்றிக்கொள்வோர் உளர். வாட்சப்பில் வந்த கைம்மருந்தை நம்பி, மருத்துவர் தந்த மாத்திரையை எறிந்தோரும் உளர். வங்கியிலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் பேசுவதாகக் கூறிக் கடவெண்ணைக் கேட்கும் கயவரிடம் பொருளிழந்தோர் பலர். இவையெல்லாம் கைப்பேசியைப் பறித்துவைத்தற்குக் காரணங்கள் அல்ல. பொறுமையாகக் கற்பித்தற்கே காரணங்கள்.

கற்பிக்கும் பணிக்குப் பள்ளி மாணவரினும் தக்கார் இலர். அவர்க்குக் கருவியும் தெரியும்; வீட்டிலுள்ள முதியவரின் மொழியும் தெரியும். குறைவது பொறுமை ஒன்றே. கைப்பேசியை வாங்கி, விரல்கள் கண்ணுக்குத் தெரியாத விரைவில் இயக்கி, முடிந்தது என்று திருப்பிக் கொடுத்தல் கற்பித்தல் ஆகாது. எழுத்தைப் பெரிதாக்கி, மொழியைத் தமிழாக்கித் தருதல் முதல் வேலை. 108 என்னும் எண்ணை அழைத்தால் ஆம்புலன்சு வரும் என்பதும், முதியோர் உதவிக்கென 14567 என்னும் எண் உளது என்பதும், இவற்றிற்குப் பேசத் தெரிந்தாற் போதும், படிக்கத் தெரியவேண்டுவதில்லை என்பதும் சொல்லத்தக்கன. உண்ணும் மாத்திரைகளின் பெயரும் வேளையும், காலையும் மாலையும் எடுத்த அழுத்தமும் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மூக்குக்கண்ணாடிப் பெட்டியோடு வைக்கலாம். மின்சாரம் இல்லாத நாளிலும் அவ்வட்டை பேசும். பின்னர்க் குருதியழுத்தமானியை எடுத்துவைத்து, பட்டையைப் பாட்டியாரே சுற்றுமாறும், பொத்தானை அவரே அழுத்துமாறும், எண்ணை அவரே வாய்விட்டுப் படிக்குமாறும் செய்தல் வேண்டும். முதல்நாள் பட்டை நழுவும். இரண்டாம் நாள் தலைகீழாகச் சுற்றப்படும். பேரன் கையைக் கட்டிக்கொண்டு அருகில் அமர்ந்திருக்கட்டும். பேசாமலும் இருக்கட்டும், பேசினால் அளவு கூடிக் காட்டும்.